தூய்மைத் தொழிலும் பொறுப்புக் காப்பீடும்

துடைப்பமும் வாளியும் கொண்டு நடத்தும் ஒரு தொழிலுக்கு இன்ஷ்யூரன்ஸ் எதற்கு என்று மாணவ நண்பர்களுள் சிலர் எண்ணக்கூடும். கப்பலுக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டு, பஞ்சாலைக்கு உண்டு, வீட்டுக்கும் வண்டிக்கும் மனித உயிருக்கும் உண்டு. இவற்றையெல்லாம் நாம் அறிவோம். ஒரு கட்டிடத்தைப் பெருக்கித் துடைத்துக் கொடுப்பதில் அப்படி என்ன அபாயம் இருந்துவிட முடியும்? நிலையத்தார் எனக்கு இத்தலைப்பைக் குறித்து அனுப்பியபோது என் நண்பர் ஒருவரும் இவ்வாறே கேட்டு நகைத்தார். அபாயம் இருக்கிறது. அது யார் தலையில் விழுகிறது, விழுந்தபின் அதன் சுமையை யார் தாங்குகிறார் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முன்னாளில் ஒவ்வொரு அலுவலகமும், ஒவ்வொரு கல்லூரியும், ஒவ்வொரு மருத்துவமனையும் தன் துப்புரவுக்குத் தானே ஆட்களை வைத்திருந்தது. இன்று அந்த வேலையின் பெரும்பகுதி காண்டிராக்டர்கள் கைக்குப் போய்விட்டது. பெரிய நிறுவனங்களும் இத்தொழிலில் இருக்கின்றன. ஆனால் ஒரு முதலாளி, ஆறேழு ஆட்கள், தரை தேய்க்கும் இயந்திரம் ஒன்று, சில குப்பிகளில் திராவகமும் சோப்புநீரும், இவ்வளவே மூலதனமாகக் கொண்டு நடக்கும் சிறு தொழில்களே மிகுதி. இத்தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தச்சன் தன் பட்டறையில் இருந்து வேலை செய்யலாம். தையற்காரர் தம் கடையிலேயே தைக்கலாம். துப்புரவுக் காண்டிராக்டருக்கோ சொந்தப் பட்டறை என்பதே கிடையாது. பிறர் கட்டிடத்தில், பிறர் பொருள்களுக்கு நடுவே, பிறர் நடந்து செல்லும் வழியிலேயே அவருடைய வேலை முழுவதும் நடைபெறுகிறது.

ஒரு வங்கியின் கூடத்தைக் காலை 10 மணிக்கு ஈரத்துணியால் துடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கைப் பலகை வைக்க மறந்துவிட்டார்கள். ஓய்வூதியம் வாங்க வந்த முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். அறுவைச் சிகிச்சை, பல மாதப் படுக்கை, உடனிருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இவற்றின் செலவு யாருடையது? துடைத்த பெண்மணியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அவரிடம் ஏது பணம்? சட்டம் இங்கே ஒரு கொள்கையை வகுத்திருக்கிறது. வேலையாள் தம் வேலையைச் செய்யும்போது பிறருக்கு இழைத்த தீங்குக்கு முதலாளி பொறுப்பாளி. ‘நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லையே’ என்று அவர் தப்பித்துக்கொள்ள முடியாது.

இந்தக் கொள்கையை விளக்கும் பழைய இங்கிலாந்து வழக்கு ஒன்று உண்டு. 1862இல் தீர்ப்பான லிம்பஸ் வழக்கு அது. குதிரை பூட்டிய பொதுவண்டிகள் லண்டன் தெருக்களில் போட்டி போட்டுக்கொண்டு ஓடிய காலம். ஒரு கம்பெனி தன் ஓட்டுநர்களுக்கெல்லாம் அட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தது. பிற வண்டிகளோடு பந்தயம் ஓட்டக்கூடாது, அவற்றை மறிக்கவும் கூடாது என்பது அதில் கண்ட கட்டளை. ஓட்டுநர் ஒருவர் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோ வீட்டில் விட்டுவிட்டோ, எதிர்க் கம்பெனியின் வண்டியை மறித்து அதற்குச் சேதம் விளைவித்தார். எங்கள் கட்டளையை மீறியல்லவா செய்தார் என்று கம்பெனி வாதாடியது. வாதம் எடுபடவில்லை. வண்டி ஓட்டுவதற்கென்று அமர்த்தப்பட்டவர் வண்டி ஓட்டும்போது செய்த காரியத்துக்குக் கம்பெனியே விடை சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டு நீதிமன்றங்களும் இக்கொள்கையைப் பின்பற்றி வருகின்றன.

கொள்கை நல்லதுதான். ஆனால் ஆறேழு பேரை வைத்துத் தொழில் நடத்தும் காண்டிராக்டரிடம் நான்கைந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டால், அவர் எங்கிருந்து கொடுப்பார்? இயந்திரத்தை விற்றாலும் வாராது. தொழிலை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விடுவார். முதியவர் கையில் தீர்ப்பு இருக்கும், பணம் இராது. ஆறு தொழிலாளர்கள் வேலை இழந்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் பொறுப்புக் காப்பீடு வந்து நிற்கிறது. நெருப்புக் காப்பீடு நம் பொருளுக்கு நேரும் நட்டத்தை ஈடு செய்வது. பொறுப்புக் காப்பீடோ நம்மால் பிறருக்கு நேர்ந்த நட்டத்தை ஈடு செய்வது. பிரீமியம் கட்டுகிறவர் ஒருவர்; பயன் பெறுகிறவர் அவர் முன்பின் பார்த்திராத வேறொருவர்.

இது உங்களுக்குப் புதியதன்று. உங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கோ காருக்கோ ‘மூன்றாம் நபர்’ இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருப்பார்கள். அது இல்லாமல் வண்டியைத் தெருவில் ஓட்டுவது குற்றம். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு விதி இருந்தது. 1946 ஜூலை முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. பின்னர் வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. வண்டிக்காரர் ஏழையாயினும் அடிபட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அதன் கருத்து. ஆனால் சாதாரணத் துப்புரவுத் தொழிலுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. வேலை கொடுக்கும் நிறுவனம் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகக் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

இனி அந்தப் பாலிசியைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். பொடி எழுத்தில் அச்சிட்ட பல பக்கங்கள் அதில் இருக்கும். படிப்பவர்கள் குறைவு. முதலில் காணவேண்டியது வரம்பு. ஒரு விபத்துக்கு இன்ன தொகை, ஓராண்டு முழுவதற்கும் இன்ன தொகை என்று இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் போனால் மிச்சம் முதலாளியின் தலையில். அடுத்தது, ஒவ்வொரு கோரிக்கையிலும் முதற்பகுதியாக இவ்வளவு தொகையை முதலாளியே ஏற்க வேண்டும் என்ற விதி. சிறுசிறு உடைசல்களுக்கெல்லாம் கம்பெனியை நாடாதிருக்கவும், முதலாளிக்குச் சற்றேனும் கவனம் இருக்கவும் வைத்த ஏற்பாடு அது. மூன்றாவது, உண்மையை மறைக்காமை. உயரமான கட்டிடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைக்கும் வேலையும் தமக்கு உண்டு என்பதைச் சொல்லாமல், தரை துடைப்பதாக மட்டும் விண்ணப்பத்தில் எழுதிக் குறைந்த பிரீமியம் கட்டியவர், விபத்து நேர்ந்த அன்று கம்பெனியின் கதவு அடைபட்டிருக்கக் காண்பார். இன்னொரு நிபந்தனை நம் மக்களின் இயல்புக்கே முரணானது. விபத்து நடந்தவுடன், ‘எல்லாம் எங்கள் தவறுதான், முழுச் செலவையும் நாங்களே கொடுத்துவிடுகிறோம்’ என்று கம்பெனியைக் கேளாமல் முதலாளி ஒப்புக்கொள்ளக்கூடாது. விழுந்தவரைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதை எந்தப் பாலிசியும் தடுப்பதில்லை; பொறுப்பை எழுதிக் கொடுப்பதைத்தான் தடுக்கிறது.

அதைவிட விசித்திரமான விதி ஒன்று. கல்யாண மண்டபம் ஒன்றின் சலவைக்கல் தரையில் கறை படிந்திருக்கிறது. வேலையாள் ஒருவர் கழிப்பறைக்கென்று கொண்டுவந்த அமிலத்தை அதன்மேல் ஊற்றித் தேய்க்கிறார். சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் சொல்வான். தரையின் மெருகு போயிற்று. அதே அமிலம் தெறித்து, ஓரமாய் வைத்திருந்த விருந்தினர் ஒருவரின் பட்டுப்புடவையையும் அரித்துவிட்டது. இவ்விரண்டில் எதற்கு நஷ்டஈடு கிடைக்கும்? பல பாலிசிகளில் புடவைக்குக் கிடைக்கும், தரைக்குக் கிடைக்காது! எந்தப் பொருளின்மேல் வேலை செய்கிறார்களோ அந்தப் பொருளுக்கு நேரும் சேதமும், முதலாளியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு நேரும் சேதமும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். கெட்ட வேலைக்குக் கம்பெனி கூலி கொடுக்காது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். நியாயம் இருக்கலாம், ஆனால் தரை துடைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத் தரைக்கு மட்டும் காப்பு இல்லை என்பது வேடிக்கையன்றோ? கூடுதல் பிரீமியம் கட்டி அதையும் சேர்த்துக்கொள்ள முடிவதுண்டு. கேட்கத் தெரிந்தவருக்கே அது கிடைக்கும்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. இவற்றினும் பெரியது ஒன்று இருக்கிறது.

நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், கோடை விடுமுறையில் கட்டிடம் முழுவதையும் கழுவிக் கழிப்பறைகளையும் துப்புரவாக்க ஒரு காண்டிராக்டரை அமர்த்த நேர்ந்தது. நல்ல மனிதர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அவர் ஓர் உறையிலிருந்து இன்ஷ்யூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பெருமையோடு மேசைமேல் வைத்தார். “எல்லாவற்றுக்கும் இருக்கிறது, சார். நீங்கள் கவலைப்படவே வேண்டாம்” என்றார். வாங்கிப் படித்தேன். வெளியாருடைய உடலுக்கும் உடைமைக்கும் நேரும் தீங்குக்கு என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் விலக்குகளின் வரிசையில், பாலிசிதாரரிடம் வேலை செய்பவர்களுக்கு நேரும் காயமும் மரணமும் இதில் அடங்கா என்று கண்டது. “உங்கள் ஆட்களில் ஒருவர் மாடிச் சன்னலைத் துடைக்கும்போது விழுந்துவிட்டால் இது பயன்படாதே, ஐயா. அதற்கு வேறு பாலிசி இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “அவர்கள் வெளியார் இல்லையே, சார். நம்முடைய ஆட்கள்தானே” என்றார்.

அவர் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் நம்முடைய ஆட்கள் என்ற காரணத்தினாலேயே அவர்கள் அந்தத் தாளுக்கு வெளியே நின்றார்கள். அவர் பிறகு தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசி ஒன்றைத் தனியே எடுத்துவந்தார், வேலை தொடங்கியது. அதற்குரிய பிரீமியம் ஆட்களின் ஆண்டுக் கூலித் தொகையையும் வேலையின் தன்மையையும் பொறுத்துக் கணக்கிடப்படுவது. ஆறேழு பேருக்கு அது அவரால் தாங்க முடியாத தொகையாக இருக்கவில்லை.

வேலையாளை இவ்வாறு வெளியே நிறுத்துவது நேற்று வந்த வழக்கமன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1837இல் பிரீஸ்ட்லி என்ற இளைஞரின் வழக்கு நடந்தது. அவர் ஃபௌலர் என்ற இறைச்சி வியாபாரியிடம் வேலைக்கு இருந்தார். அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய வண்டியில் அவரை அனுப்பினார்கள். வண்டி உடைந்து, பிரீஸ்ட்லியின் தொடையெலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேலே சென்றபோது நீதிபதி அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். வேலையாளுக்கெல்லாம் இப்படி உரிமை கொடுத்தால், பணிப்பெண் ஈரமான படுக்கையை விரித்துவிட்டாள் என்றுகூட ஒரு வேலைக்காரன் எசமானர்மேல் வழக்குப் போடுவானே என்பது அவருடைய கவலை! இந்தத் தீர்ப்பையும் 1862ஆம் ஆண்டு வண்டி வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையாளால் தெருவில் போகிற அயலாருக்குத் தீங்கு நேர்ந்தால் முதலாளி கொடுக்க வேண்டும்; அந்த வேலையாளின் காலே முறிந்தால் கொடுக்க வேண்டியதில்லை. உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவு உட்பட எல்லா அபாயத்தையும் ஏற்றுக்கொண்டுதான் அவர் வேலைக்கு வந்தார் என்று பல ஆண்டுகள் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. கூலிக்காக வந்தவர் அபாயத்தை ஏற்றுக்கொண்டார் என்று சொல்வது சட்டத்தின் வழியே ஏழையைப் பரிகாசம் செய்வது என்பது என் கருத்து.

1880இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் முதலாளிகளின் பொறுப்புச் சட்டத்தை இயற்றிச் சிறிதளவு வழி திறந்தது. அதே ஆண்டில், இந்தப் பொறுப்பைக் காப்பீடு செய்வதற்கென்றே லண்டனில் ஒரு கம்பெனி தோன்றியது என்பதைக் கவனியுங்கள். சட்டம் பொறுப்பைச் சுமத்தியவுடனே அதைப் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடும் உடன் பிறந்துவிட்டது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. யார் தவறு என்று கேளாமல், சில ஆபத்தான தொழில்களில் வேலையின்போது காயமுற்றவருக்கு நஷ்டஈடு உண்டு என்றது. இந்தக் கொள்கைதான் இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமாக வந்தது. 2020இல் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள்ளும் அது இடம்பெற்றுள்ளது.

அதன் கணக்கு மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். வேலையின்போது நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்துவிட்டால், மாதக் கூலியில் பாதியை எடுத்து, அவருடைய வயதுக்கென்று அட்டவணையில் குறித்துள்ள எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கூலி மாதம் 12,000 ரூபாய் என்றால், 6,000ஐ 184.17ஆல் பெருக்க 11,05,020 ரூபாய் வரும். 25 வயதானவராயின் எண் 216.91, தொகை 13,01,460 ரூபாய். இளையவர் இழந்த உழைப்புக் காலம் நீண்டதாதலால் எண்ணும் பெரிது. இறவாமல் முற்றிலும் முடமாகிவிட்டால் பாதிக்குப் பதிலாகக் கூலியில் 60 விழுக்காட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். 40 வயதுடைய அதே தொழிலாளிக்கு அது 13,26,024 ரூபாய் ஆகிறது. திராவகம் தெறித்து ஒரு கண்ணின் பார்வை மட்டும் போய், மற்றொரு கண் நன்றாக இருந்தால், அட்டவணை அதை 30 விழுக்காடு இழப்பாக மதிக்கிறது. ஏறத்தாழ 3,97,800 ரூபாய். ஒரு கண்ணுக்கு இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆயினும் காப்பீடு இல்லாத சிறு முதலாளியிடம் இந்தத் தொகையைக்கூட வசூலித்துவிட முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டு 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பட்ட திட்டம் அது. அதில் சேர்ந்தவர்களுக்கு இந்த நஷ்டஈட்டுக்குப் பதிலாகக் கார்ப்பொரேஷனே உதவி வழங்குகிறது. ஆறு பேரை வைத்திருக்கும் நம் காண்டிராக்டர் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியே இருப்பவர். ஆதலால்தான் அவருக்குத் தனிப் பாலிசி வேண்டியிருக்கிறது.

வேலை கொடுத்த பெரிய நிறுவனம் இதில் கைகழுவிவிட முடியுமா? முழுவதும் முடியாது. தன் தொழிலின் பகுதியாக வழக்கமாக நடைபெறும் வேலையை ஒரு நிறுவனம் காண்டிராக்டரிடம் ஒப்படைத்திருந்தால், காயமுற்ற தொழிலாளி நேரே அந்த நிறுவனத்திடமே நஷ்டஈடு கேட்கலாம். நிறுவனம் கொடுத்துவிட்டுக் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வகுத்தது. ஒப்பந்தம் எழுதும் அதிகாரிகள் பலர் இந்தப் பிரிவைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

போபால் நகரில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1991இல் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அபாயகரமான பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளுவோர் கட்டாயமாகக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. துப்புரவுக் காண்டிராக்டரிடம் உள்ள பத்துப் பதினைந்து குப்பிகள் அந்த அளவை எட்டுவதில்லை. அந்தச் சட்டமும் தொழிலாளி அல்லாத பிறருக்கே நிவாரணம் என்று எழுதப்பட்டது. தொழிலாளிக்கு வேறு சட்டம் இருக்கிறது என்பது காரணம்.

ஆனால் அந்தப் பத்துக் குப்பிகளே ஓர் உயிரை வாங்கப் போதுமானவை. வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். கழிப்பறைக்குச் சலவைத்தூள் தூவிவிட்டு, கறை போகவில்லையே என்று அதன்மேலேயே அமிலத்தையும் ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதலாம் உலகப்போரில், 1915இல் ஈப்ரே என்ற இடத்தில் படைவீரர்கள்மேல் ஏவிவிட்ட அதே வாயு. சன்னல் இல்லாத சிறு அறையில் இரண்டு நிமிடம் அதைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் நீர் கோத்துக்கொள்ளும். குப்பியின்மேல் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். குப்பியைக் கையாளும் பெண்மணிக்கு அதை யாரும் படித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல காப்பீட்டுக் கம்பெனி பாலிசி கொடுக்கும் முன் ஆட்களுக்குப் பயிற்சி உண்டா, கையுறை உண்டா, இரசாயனங்களை எங்கே வைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறது. அந்தக் கேள்விகளே சில சமயம் பாலிசியைவிட அதிகப் பயன் தருகின்றன.

எந்தப் பாலிசியும் எட்டாத வேலை ஒன்றும் இத்தொழிலில் இருக்கிறது. பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதைச் சொல்கிறேன். கிப்ஸ் கருவியில் ஹைட்ரஜன் சல்பைடு தயாரித்தவர்களுக்கு அதன் அழுகிய முட்டை நாற்றம் நினைவிருக்கும். குழியின் அடியில் அவ்வாயு தேங்கி நிற்கிறது; காற்றைவிடக் கனமானது. செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்ச்சியே மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி ஆட்களைக்கொண்டு இவற்றைச் சுத்தம் செய்விப்பதைக் குற்றமாக்கியது. முதன்முறை அகப்பட்டால் இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தண்டனையை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின்மேல் தள்ளிவிட முடியாது.

1993 முதல் சாக்கடையில் மாண்டவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014 மார்ச் 27இல் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20ஆம் நாள் வந்த தீர்ப்பில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நிலையான ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம் என்றது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். தொகையை உயர்த்த வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆட்களை இறக்குவது நின்றுபோயிருந்தால் அந்த இரண்டாவது வழக்குக்கே இடமிராது.

இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆள் வைத்துத் தொழில் நடத்துவோரில் மிகப் பெரும்பாலோர் தம் தொழிலாளர்களுக்காகக் குறைந்தது 50 லட்சம் பவுனுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். எடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். அங்கும் வெளியாருக்கான பொறுப்புக் காப்பீடு பொதுவாகக் கட்டாயமில்லை, தொழிலாளிக்கானதே கட்டாயம். 1837ஆம் ஆண்டின் நீதி அந்நாட்டிலேயே தலைகீழாகிவிட்டது. காப்பீட்டுச் சான்றிதழைத் தொழிலாளர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி.

நம் நாட்டில் இதற்கு ஒப்பான ஒரு சிறு விதி 2017இல் வந்தது. வேலைக்குச் சேரும்போதே, நஷ்டஈடு பெறும் உரிமை உனக்கு உண்டு என்பதை முதலாளி தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்தார்கள். தெரிவிக்காவிட்டால் 50,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் அப்போது விதித்தார்கள். ஒரு பக்கத் தாள் போதும். பாலிசியின் எண், கம்பெனியின் பெயர், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விவரம், விபத்து நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை போட வேண்டும் என்ற குறிப்பு, இந்நான்கும் தமிழில் அதில் இருந்தால் துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையின் சுவரிலேயே அதை ஒட்டிவிடலாம்.